மட்டாஞ்சேரிக்கு எட்டாத ஆராய்ச்சிச் சலுகை

கொச்சி, மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் நடப்பவரை முதலில் எதிர்கொள்வது மணம். சுக்கு, மிளகு, ஏலம், ஜாதிக்காய் என்று கிட்டங்கிக்கு ஒரு வாசனை. காயலை ஒட்டி ஓடு வேய்ந்து நிற்கும் இந்தக் கட்டடங்களில் குஜராத்தியரும் கொங்கணியரும் யூதர்களும் தலைமுறை தலைமுறையாக வணிகம் நடத்தினர். இங்குள்ள யூதர் தெருவில் 1957-இல் அமைந்த மிளகு வர்த்தகச் சங்கம் கூறிய விலையே பல்லாண்டுகள் நாட்டின் மிளகு விலையாக இருந்தது.

இன்று அதே தெருவில் மிளகு மூட்டைகள் இருந்த பல கிட்டங்கிகளில் பழம்பொருள்கள் விற்பனையாகின்றன. தொழில் முற்றிலும் அழிந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டது. மூட்டை வணிகத்தைவிட மிளகிலிருந்து எண்ணெயும் சாறும் பிரித்து விற்பதில் லாபம் கூடுதல். அந்தத் தொழில் கோலஞ்சேரி, அங்கமாலி போன்ற எர்ணாகுளம் மாவட்டத்தின் உட்பகுதிகளில் வளர்ந்தது. 1972-இல் கோலஞ்சேரி அருகே கடயிருப்பில் சி.வி. ஜேக்கப் தொடங்கிய சிந்தைட் நிறுவனம் அதற்கு எடுத்துக்காட்டு. 'ஓலியோரெசின்' எனப்படும் மசாலாச் சாறு இன்று உலகின் பெரிய உணவு நிறுவனங்களுக்கு இந்தியாவிலிருந்து செல்கிறது.

மூட்டையில் விற்றவர் பின்தங்கினார். சாறு பிரித்தவர் முன்னேறினார். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆராய்ச்சி. ஆராய்ச்சி செய்யும் தொழிலுக்குக் கைகொடுப்பதாகக் கூறி மத்திய அரசு கால் நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கிய வரிச்சலுகை மட்டாஞ்சேரியின் சிறு வணிகருக்கு ஏன் எட்டவில்லை? இக்கேள்விக்கு விடை கிட்டங்கிகளில் இல்லை. தில்லியில், வருமான வரிச் சட்டத்தின் வரிகளில் இருக்கிறது.

பட்ஜெட் உரைகளின் கதை

வருமான வரிச் சட்டம் 1961-இன் 35-வது பிரிவு அறிவியல் ஆராய்ச்சிச் செலவைப் பற்றியது. தொழிலுக்காகச் செய்யும் ஆராய்ச்சிச் செலவை வருமானத்திலிருந்து முழுமையாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. செலவிட்ட தொகைக்கும் மேலாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற கூடுதல் சலுகையை, சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு 1997 பட்ஜெட் வழங்கியது. அப்போது நிதியமைச்சர் ப. சிதம்பரம். 100 ரூபாய் செலவிட்டால் 125 ரூபாயைக் கழிக்கலாம் என்று தொடங்கிய அந்தச் சலுகை பின்னர் 150 ரூபாயாக உயர்ந்தது.

ஆனால் மருந்து, மின்னணுக் கருவி, கணினி, தொலைத்தொடர்புக் கருவி, ரசாயனம் என ஒரு பட்டியலில் உள்ள தொழில்களுக்கே அது கிடைத்தது. அப்பட்டியலில் மசாலாத் தொழிலுக்கெனத் தனி இடம் இல்லை. 2009-இல் பிரணாப் முகர்ஜி அந்த வேலியை அகற்றினார். மது, புகையிலை, அழகுசாதனம், மிட்டாய் போன்ற சிலவற்றைத் தவிர அனைத்து உற்பத்தித் தொழில்களுக்கும் சலுகை விரிந்தது. 2010 பட்ஜெட்டில் அது 200 சதவீதமாயிற்று.

இதன் பொருளை ஒரு கணக்கில் காணலாம். 30 சதவீத வரி செலுத்தும் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஒரு கோடி ரூபாய் செலவிட்டால், அதன் வருமானத்தில் 2 கோடி ரூபாய்க்கு வரி இல்லை. மிச்சமாகும் வரி 60 லட்சம். கம்பெனியின் கையை உண்மையில் கடித்தது 40 லட்சமே. மீதியை மறைமுகமாக ஏற்றுக்கொண்டது அரசு கஜானா.

2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி புதிய பாதையை அறிவித்தார். கம்பெனி வரி விகிதம் படிப்படியாகக் குறையும். அதற்கு ஈடாகச் சலுகைகள் ஒவ்வொன்றாக விலகும் என்பதே அது. விதிவிலக்குகள் மிகுந்தால் வழக்குகளும் மிகும் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. அதன்படி 2016 பட்ஜெட்டில் கால அட்டவணை வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் 200 சதவீதம் 150 ஆயிற்று; 2020 ஏப்ரல் 1 முதல் 100 ஆயிற்று. ஒரு கோடி ரூபாய் ஆராய்ச்சிச் செலவில் 60 லட்சமாக இருந்த வரி மிச்சம் 45 லட்சமாகி, 30 லட்சத்தில் வந்து நின்றது. வேறு எந்தச் செலவுக்கும் கிடைக்கும் கழிவுதான் இது.

அதே 2016 பட்ஜெட், இந்தியாவில் உருவாகிப் பதிவு பெற்ற காப்புரிமையிலிருந்து வரும் உரிமத்தொகைக்கு 10 சதவீத வரி மட்டும் போதும் என்று வேறொரு சலுகையை அளித்தது. ஆராய்ச்சி வெற்றி பெற்று, காப்புரிமை கிடைத்து, அதை வேறொருவர் விலை கொடுத்து வாங்கினால் பயன் தரும் ஏற்பாடு அது. ஆராய்ச்சியைத் தொடங்கவே தயங்குபவருக்கு அதனால் என்ன பயன்?

எது ஆராய்ச்சி?

உச்சத்தில் இருந்த காலத்திலும் இந்தச் சலுகை மட்டாஞ்சேரிக்கு எட்டவில்லை என்பதே வேதனை. காரணங்கள் மூன்று.

முதலாவது, சட்டத்தின் 35(2ஏபி) பிரிவு 'கம்பெனி' என்ற சொல்லுடன் தொடங்குகிறது. தனிநபர் நிறுவனமும் பங்குதாரர் நிறுவனமும் அதற்குள் வரமாட்டா. குடும்பமாக, சகோதரர்கள் பங்குதாரர்களாக நடத்தும் கடைகளே பழைய மசாலாச் சந்தைகளின் இயல்பு. சட்டத்தின் முதல் சொல்லிலேயே அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றனர்.

இரண்டாவது, 'உற்பத்தி' செய்பவருக்கே சலுகை. மிளகைப் புடைத்து, சலித்து, கல்லும் காம்பும் நீக்கித் தரம் பிரித்தால் அது 'மலபார் கார்பிள்டு' என்ற பெயருடன் கப்பலேறும். மூட்டைக்குள் போனதும் மிளகு, வெளியே வந்ததும் மிளகு. இது உற்பத்தியா, வெறும் பக்குவப்படுத்தலா என்ற கேள்வி வரி அதிகாரியின் மேசையில் எழாமல் இராது.

மூன்றாவது காரணமே முக்கியமானது. ஆய்வுக்கூடத்துக்கு ஒப்புதல் தர வேண்டியது தில்லியில் உள்ள அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை. அத்துறையின் வழிகாட்டு நெறிகளில் சந்தை ஆய்வு, தரக் கட்டுப்பாடு, பரிசோதனை ஆகியவை ஆராய்ச்சி ஆகமாட்டா. ஒரு மருந்துக் கம்பெனிக்கு இந்த வேறுபாடு பொருந்தும். புதிய மூலக்கூறைத் தேடுவது ஒன்று. அன்றாட மாத்திரையைச் சோதிப்பது வேறொன்று. மசாலாத் தொழிலில் இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று.

2003-இல் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்த் தூளில் 'சூடான்' என்ற தடை செய்யப்பட்ட சாயம் இருப்பது ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொட்டலங்களில் எத்திலின் ஆக்ஸைடு இருப்பதாகக் கூறி விற்பனையை நிறுத்தின. கிருமிகளைக் கொல்லப் பயன்படும் வாயு அது. அதைக் கைவிட்டால் மாற்றுவழி நீராவி. ஆனால் நீராவி பட்டால் மிளகின் வாசனை எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். எந்த வெப்பத்தில், எத்தனை விநாடி, எவ்வளவு ஈரத்தில் வைத்தால் கிருமி சாகும், மணம் தங்கும்? இதைக் கண்டறிவது பரிசோதனையா, ஆராய்ச்சியா?

இன்னொரு எடுத்துக்காட்டு பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்ஸின். மிளகு, மிளகாய், இஞ்சி, மஞ்சள், ஜாதிக்காய் ஆகியவற்றில் அதன் மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. உலரும் சுக்கில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதற்கான வழி காணப்பட்டால், அது எந்தக் காப்புரிமைக்கும் குறையாத மதிப்புடையது. வழிகாட்டு நெறிகளின் மொழியில் அது 'தரக் கட்டுப்பாடு' என்று தள்ளப்படும் அபாயம் உண்டு.

திறந்திருந்த ஒரு கதவு

எனினும், சிறு வணிகருக்கு அரசு ஒரு கதவையும் திறக்கவில்லை என்று கூறினால் அது நியாயமாகாது. அதே 35-வது பிரிவில் அதிகம் பேசப்படாத ஓர் உள்பிரிவு உண்டு. (2ஏஏ) என்பது அதன் பெயர். தேசிய ஆய்வகம், பல்கலைக்கழகம் அல்லது ஐ.ஐ.டி.க்கு ஒரு குறிப்பிட்ட ஆராய்ச்சித் திட்டத்துக்காகப் பணம் கொடுத்தால் கூடுதல் கழிவு பெறலாம் என்றது அது. அங்கே 'கம்பெனி' என்ற சொல் இல்லை. வரி செலுத்தும் எவரும் அதைப் பயன்படுத்தலாம். சொந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. தேசிய ஆய்வகத்திடம் ஆராய்ச்சியை ஒப்படைத்தால், அதன் தலைவரே திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கலாம். 2011 பட்ஜெட்டில் இந்தக் கழிவும் 200 சதவீதமாக உயர்ந்தது.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே தெரிவது வெலிங்டன் தீவு. 1957-இல் கொச்சியில் அமைந்த மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்குவதால் அது சட்டத்தின் பொருளில் ஒரு தேசிய ஆய்வகம். ஏற்றுமதிக்காக இறாலை உரித்தபின் குப்பையில் சேரும் ஓட்டிலிருந்து மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் பயன்படும் கைட்டோசான் என்ற பொருளைத் தயாரிக்கும் முறையை வளர்த்த நிறுவனம் அது. மசாலா, உணவுப் பதப்படுத்தல் ஆராய்ச்சிக்குத் திருவனந்தபுரத்தில் தேசிய பல்துறை அறிவியல், தொழில்நுட்ப நிறுவனமும், மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், கோழிக்கோட்டில் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன.

ஒரு பங்குதாரர் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கும் வரி 30 சதவீதம். கூடுதல் வரியையும் தீர்வையையும் இங்கே ஒதுக்கி வைப்போம். நீராவி முறை ஆராய்ச்சிக்காக ஒரு தேசிய ஆய்வகத்துக்கு அது 10 லட்சம் ரூபாய் கொடுக்கிறது. 200 சதவீதக் கழிவு இருந்த காலத்தில் வரி மிச்சம் 6 லட்சம்; கையிலிருந்து உண்மையில் போவது 4 லட்சம். இன்று வரி மிச்சம் 3 லட்சம். கையிலிருந்து போவது 7 லட்சம். 4 லட்சத்துக்குத் துணிந்திருக்கக்கூடிய சிறு வணிகர், விளைவு உறுதியில்லாத ஒரு முயற்சிக்கு 7 லட்சம் எடுத்து வைப்பாரா?

2016-இல் வந்த கால அட்டவணை பெரிய கம்பெனிகளின் சலுகையையும் இந்தச் சிறு கதவையும் ஒரே தராசில் வைத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டும் 100 சதவீதம். முன்பு கம்பெனிக்குக் கிடைத்தது கடைக்காரருக்குக் கிடைக்கவில்லை என்ற ஏற்றத்தாழ்வு இருந்தது. இப்போது அது நீங்கிவிட்டது. கீழே இருந்தவரை மேலே ஏற்றி அல்ல, மேலே இருந்தவரைக் கீழே இறக்கி வந்த சமத்துவம் இது.

இறங்கிய பெரிய கம்பெனிக்கேனும் ஒரு மெத்தை போடப்பட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரி 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆராய்ச்சி உள்ளிட்ட பல சலுகைகளை விட்டுக்கொடுத்தால் அந்த விகிதத்தைப் பெறலாம். பங்குதாரர் நிறுவனத்துக்கு அந்த விகிதக் குறைப்பும் இல்லை. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்த புதிய வருமான வரிச் சட்டம் மொழியை எளிமையாக்கியது. பழைய கூடுதல் கழிவை மீட்டுத் தரவில்லை.

ஒரு லட்சம் கோடியும் ஒரு கிட்டங்கியும்

வரிச்சலுகைக்குப் பதிலாக நேரடி நிதி என்பதே இப்போது தில்லியின் போக்கு. ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்காக ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதிக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் அளித்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் வழியாக, தனியார் துறைக்கு நீண்டகால, குறைந்த வட்டி அல்லது வட்டியில்லாக் கடனாக அது செல்லும். எதிர்காலத் தொழில்களுக்கும் நாட்டுக்கு இன்றியமையாத துறைகளுக்கும் முன்னுரிமை.

நோக்கத்தில் குறை காண முடியாது. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு 2020-21-இல் உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. அதில் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. சீனாவிலும் தென் கொரியாவிலும் அது நான்கில் மூன்று பங்குக்கும் மேல். இந்த இடைவெளியைக் குறைக்கப் பெரிய நிதி தேவைதான்.

ஆனால் தொடக்கநிலை ஆய்வைக் கடந்து, ஆய்வுக்கூடத்தில் ஓரளவு நிரூபணமான தொழில்நுட்பத்துக்கே அந்த நிதி. குவாண்டமும் விண்வெளியும் செயற்கை நுண்ணறிவும் வரிசையில் நிற்கும் இடத்தில் சுக்கு உலர்த்தும் முறைக்கு எப்போது முறை வரும்?

நறுமணப் பொருள்கள் வாரியத்தின் தலைமையகம் கொச்சியில்தான் உள்ளது. கொச்சியில் மட்டுமன்றி, சென்னை, தூத்துக்குடி உள்ளிட்ட இடங்களிலும் அதன் தர ஆய்வுக்கூடங்கள் இயங்குகின்றன. 2025-26 நிதியாண்டு முடிய 422.30 கோடி ரூபாயில் 'ஸ்பைஸ்டு' என்ற திட்டத்தையும் அது செயல்படுத்தியது. மதிப்புக்கூட்டல், தூய்மையான மசாலா, புதிய தொழில்முனைவோர் என அதன் நோக்கங்கள் பல. சிறு உணவுத் தொழில்களுக்கு 2020-இல் வந்த பிரதமரின் திட்டம் இயந்திரச் செலவில் 35 சதவீதத்தை, 10 லட்சம் ரூபாய் வரை மானியமாக வழங்கியது. இவை பயனுள்ளவை. ஆனால் மானியம் இயந்திரம் வாங்க உதவும். அந்த இயந்திரத்தை எந்த வெப்பத்தில் ஓட்டுவது என்று கண்டறிய உதவாது.

மற்ற நாடுகள் சிறு நிறுவனங்களைத் தனியாகவே கருதுகின்றன. லாபம் இல்லாத சிறு நிறுவனத்துக்கு வருமானத்தில் கழிவு தருவது, சட்டை இல்லாதவனுக்குப் பொத்தான் தருவது போன்றது. கனடாவில் உள்நாட்டுச் சிறு கம்பெனிகளின் ஆராய்ச்சிச் செலவில் 35 சதவீதம் வரவாகக் கணக்கிடப்பட்டு, வரி இல்லாவிட்டாலும் பணமாகவே திரும்பக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குக் குறைந்தவர்களுக்கு இவ்வாறே.

இதில் ஆபத்தும் உண்டு. பிரிட்டனில் 2020-21-இல் வழங்கிய ஆராய்ச்சிச் சலுகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தவறாலும் மோசடியாலும் போனது என்று அந்நாட்டு வரித் துறையே மதிப்பிட்டது. நம் நாட்டிலும் ஆராய்ச்சி நன்கொடை என்ற பெயரில் பொய் ரசீதுகள் வழங்கப்பட்டது வருமான வரிச் சோதனைகளில் வெளிவந்ததுண்டு. நிதியமைச்சகத்தின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்தத் தயக்கத்துக்கு விடையும் (2ஏஏ) பிரிவிலேயே இருக்கிறது. அங்கே பணம் போய்ச் சேருவது அரசின் சொந்த ஆய்வகத்துக்கு. திட்டத்தை ஏற்பவரும் கணக்கு வைப்பவரும் அரசு விஞ்ஞானிகள். இல்லாத ஆராய்ச்சிக்கு ரசீது எழுதுவது அங்கே கடினம். சிறு நிறுவனங்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஓர் உச்சவரம்புடன் அந்தக் கதவை மீண்டும் திறந்தால் கஜானாவுக்குப் பெரிய இழப்பு நேராது. ஆய்வகங்களுக்கும் வெளியிலிருந்து வருவாய் சேரும். பல வணிகர்கள் சேர்ந்து ஒரே திட்டத்துக்குப் பணம் கட்டவும் வழிசெய்தால், ஒருவரால் முடியாததைச் சந்தையே சேர்ந்து செய்ய முடியும்.

இது மட்டாஞ்சேரியின் பிரச்சினை மட்டுமன்று. போடிநாயக்கனூரின் ஏலக்காய்க்கும் ஈரோட்டின் மஞ்சளுக்கும் விருதுநகரின் மிளகாய் வற்றலுக்கும் கேள்வி ஒன்றே. 2023-24-இல் இந்தியா சுமார் 446 கோடி டாலர் மதிப்புள்ள மசாலாப் பொருள்களை ஏற்றுமதி செய்தது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு கொள்கலன் திருப்பி அனுப்பப்பட்டால் பெரிய கம்பெனி அந்த ஆண்டுக் கணக்கில் நஷ்டம் எழுதும். சிறு வணிகர் கடையை மூடுவார். அந்தக் கிட்டங்கியிலும் ஒரு பழம்பொருள் கடை வரும்.

அடுத்த பட்ஜெட்டிலும் ஆராய்ச்சிக்கென்று ஒரு பத்தி நிச்சயம் இருக்கும், மேசைகள் தட்டப்படும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். சிறுத்துப்போன மட்டாஞ்சேரிக்கு அந்தக் காரம் இன்னும் இருக்கிறது. நிதியமைச்சரின் பத்தியில் அதற்கு ஒரு வரி இருக்குமா?